மஞ்சள் துணியில் முடியும் கணக்கு

திருமலைப் பயணத்திற்கு நாள் குறித்ததும், தமிழகத்துப் பல இல்லங்களில் பூஜை அறையிலிருந்து ஓர் உண்டியல் கீழே இறங்குகிறது. காய்ச்சல் தணிய வேண்டி, தேர்வில் தேற வேண்டி, திருமணம் கைகூட வேண்டி, ஏழுமலையானுக்கென ஆண்டு முழுவதும் போட்டுவந்த காசு அதில் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய இரவில் பெரியவர்கள் அதை விரைவாக எண்ணி, மஞ்சள் துணியில் முடிந்துவிடுகிறோம். அருகில் நின்று ஆவலோடு பார்க்கும் ஆறு வயதுக் குழந்தையிடம், ‘தொடாதே, கணக்குத் தவறிவிடும்’ என்கிறோம். அந்தக் கணக்கைக் குழந்தையிடமே ஒப்படைத்தால் என்ன?

காசு எண்ணுவதைக் கற்பிக்கத் திருமலையைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைப்பது அரிது. பத்மாவதித் தாயாரை மணப்பதற்காகக் குபேரனிடம் கடன் பெற்ற சீனிவாசன், பக்தர்களின் காணிக்கையைக் கொண்டு இன்றும் வட்டி செலுத்திவருகிறான் என்பது தலபுராணம். தெலுங்கு மக்கள் அவனை ‘வட்டிகாசுலவாடு’ என்றே அன்புடன் அழைக்கின்றனர். உண்டியலில் சேரும் காணிக்கையை எண்ணுமிடத்திற்குப் பரகாமணி என்று பெயர். வங்கி ஊழியர்களும் அரசு ஊழியர்களும் அங்கே எண்ணும் பணியைச் சேவையாக ஏற்றுச் செய்கின்றனர். பலவகை நாணயங்களும் நோட்டுகளும் வெளிநாட்டுப் பணமும் கலந்து வரும் அக்குவியலை வகைவகையாகப் பிரித்த பின்னரே எண்ண இயலும். அந்த ஒழுங்கைத்தான் நாம் வீட்டிற்குக் கொண்டுவரப் போகிறோம்.

முதற்படி, பிரித்தல். தரையில் ஒரு விரிப்பை இட்டு, அதன்மேல் காசுகளைக் கொட்டுவோம். 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களைக் குழந்தை தனித்தனிக் கிண்ணங்களில் இடட்டும். இங்கே ஒரு சிக்கல் எழும். பெரிய காசுக்கே பெரிய மதிப்பு என்று குழந்தைகள் நினைப்பது இயல்பு. ஆனால் 2011ஆம் ஆண்டு வரிசையில் 2 ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர்; 5 ரூபாய் நாணயத்தின் விட்டமோ 23 மில்லிமீட்டர்தான். ஆகவே அளவை நம்பாமல், பொறித்திருக்கும் எண்ணை வாசிக்கப் பழக்குவோம். 10 ரூபாய் நாணயங்களின் முகப்பும் ஒன்றுபோல் இராது. அவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வடிவமைப்பில் வெளியானவை, எல்லாமே செல்லும்.

இரண்டாம் படி, அடுக்குதல். ஒவ்வொரு வகையையும் பத்துப் பத்தாக அடுக்கச் செய்வோம். 1 ரூபாய் அடுக்கு 10 ரூபாய், 2 ரூபாய் அடுக்கு 20, 5 ரூபாய் அடுக்கு 50. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யுமுன் குழந்தையின் விரல்கள் அதை உணர்ந்துவிடும்.

மூன்றாம் படி, கூட்டுதல். பெரிய மதிப்பிலிருந்து தொடங்குவது எளிது. 10 ரூபாய் நாணயங்கள் 6, 5 ரூபாய் 7, 2 ரூபாய் 9, 1 ரூபாய் 8 இருப்பதாகக் கொள்வோம். 60, 35, 18, 8. ஆக மொத்தம் 121. இதில் 101 ரூபாயைக் காணிக்கையாக முடிந்தால் எஞ்சுவது 20. அந்த இருபதை எந்தெந்த நாணயங்களைக் கொண்டு எடுத்து வைக்கலாம் என்று கேட்போம். இரண்டு பத்து, நான்கு ஐந்து, ஒரு பத்தும் இரண்டு ஐந்தும் என விடைகள் பெருகும். ஒரே தொகைக்குப் பல வழிகள் உண்டு என்பதைக் குழந்தை கண்டுகொள்ளும் தருணம் அது.

சில்லறை கொடுப்பதற்குக் கடைக்காரர் முறையே சிறந்தது. 37 ரூபாய்ப் பொருளுக்கு 50 ரூபாய் நோட்டைப் பெற்றால், அவர் கழித்தல் கணக்குப் போடுவதில்லை. முப்பத்தேழில் தொடங்கி, மூன்று ரூபாயை வைத்து நாற்பது என்பார். பத்து ரூபாயை வைத்து ஐம்பது என்பார். வைத்தது 13. இதையே வீட்டில் கடை விளையாட்டாக ஆடலாம். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகள் நாணயத்தை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு எட்டாமல் வைப்பதும், எண்ணி முடித்ததும் கைகளைக் கழுவச் செய்வதும் அவசியம்.

பள்ளியில் கூட்டல் கற்பிக்கிறார்களே, இது எதற்கு என்று தோன்றலாம். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் பலர், சிக்கலான விற்பனைக் கணக்குகளையும் மனத்தாலேயே போட்டனர். அதையொத்த கணக்கைப் பாடநூல் வடிவில் கொடுத்தபோது தடுமாறினர். பள்ளி மாணவர்களோ எழுத்துக் கணக்கில் தேறி, சந்தைக் கணக்கில் திணறினர். கையின் கணக்கும் ஏட்டின் கணக்கும் தாமாக இணைவதில்லை. நாம்தான் இணைக்க வேண்டும். ஆகவே காசை எண்ணியதும், 60 + 35 + 18 + 8 என்று குழந்தை தன் கையாலேயே தாளில் எழுதட்டும்.

முன்பு இந்த இணைப்புக்கு மளிகைக் கடை உதவியது. மீதிக் காசை உள்ளங்கையில் எண்ணியபடியே பிள்ளைகள் வீடு திரும்பினர். இன்று நாம் கைபேசியை நீட்டுகிறோம், ஓர் ஒலி கேட்கிறது, பணம் சென்றுவிடுகிறது. வசதி பெரிதுதான். ஆயினும் அருகில் நிற்கும் குழந்தைக்குப் பணம் குறைவது தெரிவதில்லை. கொடுத்தால் குறையும், சேர்த்தால் பெருகும் என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கே பின்னாளில் கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும் விளங்கும். ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 10 வயது நிறைந்த சிறார்கள் வங்கி விதிக்கும் வரம்புக்குள் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம். ஆறு வயதில் விரிப்பின்மேல் தொடங்கும் பயிற்சி, அந்த நாளுக்கு அவர்களை ஆயத்தப்படுத்தும்.

அடுத்த பயணத்தின்போது மஞ்சள் முடிச்சைக் குழந்தையே சுமக்கட்டும். உண்டியலின் முன் நிற்கையில், எவ்வளவு என்று மெல்லக் கேட்போம். நூற்றொன்று என்று தயங்காமல் பதில் வந்தால், அந்த ஆண்டின் காணிக்கையில் குழந்தையின் உழைப்பும் சேர்ந்துவிட்டது என மகிழ்வோம்.