பெர்த்தாம் ஆறு யாருக்குச் சொந்தம்?

கடந்த நீண்ட விடுமுறையில் ஆறு வாரங்கள் நெதர்லாந்தில் தங்கி, சுற்றுச்சூழல் கொள்கை பற்றிய கோடைக்காலப் படிப்பு ஒன்றை முடித்துத் திரும்பினேன். கேமரன் மலைக்கு வந்ததும் எங்கள் லயத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, “துலிப் பூ பாத்தியா?” என்பதுதான். துலிப் வசந்தத்தில் பூத்து முடிந்துவிடும். நான் போனது ஜூலையில். பூவைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தேன் என்றேன். “ஆறு பாக்கவா அவ்வளவு தூரம் போன?” என்று பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார். அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையில் முயல்கிறேன்.

முதலில், இப்படிப்பைப் பற்றிக் கேட்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று குறுகிய காலப் பாடங்களை நடத்துகின்றன. கட்டுரை, தேர்வு, கிரெடிட் எல்லாம் உண்டு. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். அந்த கிரெடிட்டை நம் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் திரும்பி வந்த பிறகு கேட்டு இரண்டு மாதம் அலைந்தேன். செலவில் பாதியை உபகாரச் சம்பளம் ஏற்றது. மீதிக்கு அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் படித்த எனக்கு ஆங்கிலத்தில் வாதாட முதல் வாரம் நாக்கு எழவில்லை. ஆனால் நம் நாட்டுச் சட்டங்களை மலாயில் படிக்க முடிந்தது பின்னால் கைகொடுத்தது.

சுற்றுச்சூழல் கொள்கை என்றால் மரம் நடுவது, நெகிழிப் பையைத் தவிர்ப்பது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முதல் நாளே விரிவுரையாளர் அந்த எண்ணத்தை உடைத்தார். உங்கள் ஊர் ஆறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது தோன்றும் இடம் முதல் கலக்கும் இடம் வரை, எங்கெங்கே யார் யார் முடிவெடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். குற்றவாளியைத் தேட வேண்டாம், முடிவெடுப்பவரைத் தேடுங்கள். இதுதான் ஆறு வாரத்துக்கான வேலை. நான் பெர்த்தாம் ஆற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்களுக்குக் காட்டப்பட்ட மாதிரி ரைன் ஆறு. சுவிட்சர்லாந்தின் மலைகளில் தோன்றி, பல நாடுகளைத் தொட்டு, நெதர்லாந்தில் கடலை அடைகிறது. மேலே இருப்பவர் கொட்டுவதைக் கீழே இருப்பவர் குடிக்க வேண்டிய நிலை. 1950-இலேயே ஐந்து நாடுகள் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தும் பெரிய மாற்றம் இல்லை. 1986 நவம்பர் 1-ஆம் நாள் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் பூச்சிக்கொல்லிகளை அடித்துக்கொண்டு ஆற்றில் இறங்க, ஆறு சிவந்தது. விலாங்கு மீன்கள் பல்லாயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அதன் பிறகுதான், 1987-இல், செயல் திட்டம் பிறந்தது. 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் மறுபடியும் ரைனுக்கு வரவேண்டும் என்பது இலக்கு. மீன் வந்தது, பழையபடி பெருகவில்லை என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் அமைப்பு. இன்று 21 வாரியங்கள். அவற்றின் எல்லை பெரும்பாலும் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்து வகுக்கப்பட்டது. தனி வரி, தனித் தேர்தல். நிலம் வைத்திருப்பவர் மட்டுமல்ல, வாடகை வீட்டில் இருப்பவரும் வாக்களிக்கிறார். இந்த ‘வாடகை வீடு’ என்ற செய்தி எனக்கு ஏன் தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் பக்கம் தோன்றி, தானா ராத்தா, ஹாபு வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கே 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை அதைத் தடுக்கிறது. தேங்கிய நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. பகாங் ஆற்றோடு சேர்ந்து தென் சீனக் கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர், மலாக்கா நீரிணைக்குப் போகிறது! இதை வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

தண்ணீரோடு மண்ணும் வருகிறது. சரிவுகளில் காட்டை வெட்டிக் காய்கறி பயிரிட்ட இடங்களிலிருந்தும், கட்டுமான இடங்களிலிருந்தும் வரும் மண் நீர்த்தேக்கத்தில் படிந்து கொள்ளளவைத் தின்றுவிட்டது. சேற்றை அள்ளுவதற்கு முடிவே இல்லை. 2013 அக்டோபர் 22 இரவு கொட்டிய மழையில் நீர்த்தேக்கம் நிரம்பி, 23 அதிகாலை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. நான் அப்போது நான்காம் ஆண்டு மாணவி. அந்தச் சனிக்கிழமை அப்பாவோடு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. சின்னம்மா கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்திருந்தார். மழைதான் காரணம், அணைதான் காரணம், காய்கறித் தோட்டம்தான் காரணம், ஆற்றோரம் வீடு கட்டியவர்தான் காரணம் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டியது நினைவிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்நிய நாட்டு நூலகத்தில் உட்கார்ந்து, முடிவெடுப்பவர்களைத் தேடினேன். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் நிலமும் காடும் விவசாயமும் மாநில அதிகாரம். ‘சுற்றுச்சூழல்’ என்ற தலைப்பே அதில் இல்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமோ கூட்டரசுடையது. அதன் கீழ் வந்த 1987-ஆம் ஆண்டு ஆணைப்படி, 500 எக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காட்டை விவசாய நிலமாக்கினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டம் சில எக்டர்தான். நூறு தோட்டங்கள் வரிசையாக வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே எல்லைக்குள் அடங்கும். மலை வழுக்கையாவது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. 2015-இல் வந்த புதிய ஆணை எல்லையை 20 எக்டருக்கு இறக்கியது. அதற்கும் சிறிய தோட்டம் உண்டே!

இன்னும் ஆழமாக இருந்தது நில உரிமம். காய்கறித் தோட்டங்களில் பல நெடுங்காலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில்தான் நடந்து வந்தன. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு இறுதியோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்ற முடியாது. உரிமதாரர் இறந்தால் உரிமமும் முடிந்தது. டிசம்பர் 31-க்குப் பிறகு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர், மண் சரியாமல் காக்கும் கல் சுவருக்கும் வடிகாலுக்கும் பத்தாண்டுச் சேமிப்பைப் போடுவாரா? அவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது. இம்முறையை மாற்றும் முயற்சிகள் பின்னர் நடந்துள்ளன.

தேயிலையின் கதை வேறு. ஒரு செடி பல பத்தாண்டுகள் நிற்கும். வேர் மண்ணைப் பிடிக்கும், பச்சைப் போர்வை மழையைத் தாங்கும். அதற்காகத் தேயிலையைப் புனிதமாக்க வேண்டாம். 1929-இல் போ தோட்டம் தொடங்கியபோது அங்கே நின்றதும் காடுதான். அந்தச் சரிவுகளைத் திருத்தியதில் நம் முன்னோர் கையும் உண்டு.

என் கட்டுரையைப் படித்த விரிவுரையாளர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினார்: “இந்த ஆற்றோரம் வாழும் தோட்டத் தொழிலாளர் எந்த முடிவை எடுக்கிறார்?” பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். மாநில அரசு, நில அலுவலகம், சுற்றுச்சூழல் துறை, மின்சார நிறுவனம், மாவட்ட மன்றம், தோட்ட நிர்வாகம்... எங்கள் லயத்து மக்களுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஊராட்சித் தேர்தல்கூட 1965-இல் நிறுத்தப்பட்டதோடு சரி.

ஊர் திரும்பிய அன்று இரவு அப்பாவிடம் இந்த உரிம விவகாரத்தை விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் வீடு தோட்டத்து வீடு. அப்பாவுக்கு அறுபது வயதானால் காலி செய்ய வேண்டும். அதற்கு இன்னும் மூன்று ஆண்டுதான். பின்பக்கச் சுவரை ஒட்டிய மண்மேடு ஒவ்வொரு மழைக்கும் சரிகிறது. அதற்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டலாமே என்று அம்மா நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“நானும் அந்தக் காய்கறித் தோட்டக்காரன் மாதிரிதான்மா,” என்றார் அப்பா. மறுநாள் காலையில் மேட்டின் மேல் போட்டிருந்த பழைய தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்துவிட்டு வேலைக்குப் போனார்.