மும்மொழிக் கல்லும் சீனக் கடற்படைத் தலைவரும்

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்லும்போதெல்லாம், பல்லாவரம் வந்ததும் எனக்குக் கற்களின் நினைவு வரும். 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்கருவியே இந்நாட்டின் பழைய கற்காலத்தை உலகுக்கு அறிவித்தது. எழுத்தில்லாத கல்லே அவ்வளவு பேசுமானால், எழுத்துப் பொறித்த கல் எவ்வளவு பேசாது!

அத்தகைய கல் ஒன்று 1911ஆம் ஆண்டில் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. நீரோடும் வழியொன்றின்மேல் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த அதனைப் புரட்டியபோது, சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழி எழுத்துகள் தென்பட்டன. சீனப் பேரரசரின் பெயரால் அதனைக் கொண்டுவந்தவர் கடற்படைத் தலைவர் செங் ஹே.

யார் இந்தச் செங் ஹே? 1371ஆம் ஆண்டளவில் யுன்னான் நாட்டில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவராயிருந்தபோதே மிங் படையிடம் சிறைப்பட்டு, ஆண்மை நீக்கப்பெற்று, இளவரசர் ஒருவரின் பணியாளாக்கப்பட்டார். அவ்விளவரசர் 1402இல் அரியணையைக் கைப்பற்றி யோங்லெ பேரரசர் ஆனார். உற்றுழி உதவிய பணியாளும் உயர்ந்தார். 1405 முதல் 1433 வரை ஏழு பெருங்கடற்பயணங்கள் நிகழ்ந்தன. முதற்பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 27,800 பேர் சென்றனர். கோழிக்கோடும் ஓர்மூசும் ஆப்பிரிக்காவின் கீழைக்கரையும் அக்கப்பல்களைக் கண்டன.

காலிக் கல்லின் காலம் 1409. அதன் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவாகிய தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. காணிக்கைகளோ பெரும்பாலும் ஒன்றே: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் முதலியன. தமிழ் ஏன் இடம்பெற்றது? அக்காலக் கடல் வாணிகத்தில் தமிழ் வழங்கிய மொழி. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலேயே 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு உண்டு.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்வது இயல்பு. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. இரண்டாண்டுகளுக்குள், 1411இல், இதே தலைவர் இலங்கையில் போரிட்டு அங்கிருந்த ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். வீர அளகேசுவரன் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதும் அவரைப் பேரரசர் பின்னர் விடுவித்தார். முத்தெய்வங்களுக்கும் காணிக்கை வைத்த கையே வாளையும் ஏந்தியது. இவற்றுள் எது மெய்? இரண்டுமே மெய் என்பேன். வணக்கத்துக்குப் பின்னால் படையும் நின்றது.

1433க்குப் பின் அத்தகைய பயணங்கள் நின்றன. அம்மாபெருங் கப்பல்களும் மறைந்தன. கல் மட்டும் எஞ்சிக் கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் நம் மொழியைக் கண்டு மகிழ்வோம். கல்லில் எழுதியதோடு எழுதாததையும் சேர்த்துப் படிப்போம். வரலாற்றைப் படிக்கும் முறை அதுவே.