கொக்கியை நீட்டினால் பாரம் கூடும்



பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் காட்டிலிருந்து உளுந்து, பாசி, மிளகாய், மல்லி முதலான சரக்குகள் டிராக்டர் டிரெய்லரில் நம் கிட்டங்கிக்கு வந்து சேருகின்றன. மூட்டையின் எடையை இரண்டு முறை சரிபார்க்கும் நாம், டிரெய்லரை டிராக்டரோடு பிணைக்கும் கொக்கியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலர் பட்டறையில் ஒரு அடி இரும்பை வெல்டிங் வைத்துக் கொக்கியைப் பின்னால் நீட்டிக்கொள்கிறார்கள். டிராக்டரின் பின்புறம் ஒரு சைக்கிளோ இரண்டு சிப்பமோ கட்ட இடம் கிடைக்கிறது. வளைவில் திரும்பும்போது டிரெய்லர் அதில் இடிப்பதில்லை. வசதிதான். ஆனால் அந்த ஒரு அடிக்கு என்ன விலை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தராசு சொல்லும் பாடம்

மண்டியில் உள்ள பிளாட்பாரத் தராசை நினைத்துப் பாருங்கள். தண்டில் நகரும் குண்டின் எடை மாறுவதே இல்லை. ஆனாலும் அதைத் தள்ளத் தள்ள, அதிக எடைக்கு ஈடு கொடுக்கிறது. பாரம் என்பது எடையை மட்டும் பொறுத்தது அல்ல, அது எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதையும் பொறுத்தது. கொக்கிக்கும் இதே கணக்குதான்.

ஒரு உதாரணம். டிராக்டரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 அடி, பின் அச்சிலிருந்து கொக்கி 2 அடி என்று வைத்துக்கொள்வோம். கொக்கியின் மேல் 300 கிலோ அழுத்தினால், முன் சக்கரத்தின் மேலிருந்து 100 கிலோ குறைகிறது. கொக்கியை ஒரு அடி நீட்டினால் அதே 300 கிலோவுக்கு 150 கிலோ குறைகிறது. பின் அச்சு 450 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிக்காது. மேட்டில் ஏறும்போது டிராக்டர் முன்பக்கம் தூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, அரை அடி நீட்டியிருந்த கொக்கியை ஒரு அடியாக்கினால், அதைத் தாங்கும் போல்ட்டுக்கும் வெல்டிங்குக்கும் வளைக்கும் விசை இரட்டிப்பாகிறது. குழியில் இறங்கி ஏறும்போது இன்னும் கூடும்.

வெளிநாட்டிலும் இதே கதை

அமெரிக்காவில் படுக்கை, சமையலறையோடு கூடிய பெரிய வீட்டு வண்டிகளில் குடும்பமாக ஊர் சுற்றுகிறார்கள். அதன் பின்னால் ஒரு சிறிய காரை இழுத்துச் செல்வார்கள்; இரண்டுக்கும் நடுவில் சைக்கிள்களை மாட்டுவார்கள். வளைவில் கார் சைக்கிளில் இடிக்காதிருக்க, கொக்கியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீட்டுகிறார்கள். கம்பெனியில் செய்த குழாயே என்றாலும், கொக்கி தாங்கும் அளவைப் பாதியாகக் குறைத்துக் கணக்கிடும்படி பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். கம்பெனிக் குழாய்க்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பட்டறை வெல்டிங்கை என்ன சொல்வது?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் 40 அடி கன்டெய்னரை இழுத்துப் போகும் லாரியைப் பாருங்கள். டிரெய்லரின் முன்பாரத்தைத் தாங்கும் வட்டத் தட்டு, இழுக்கும் லாரியின் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் அமைந்திருக்கும். பாரம் அச்சுக்குப் பின்னால் தொங்குவதில்லை. ஆகவேதான் அது அத்தனை டன்னைத் தாங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கைப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டி ஏற்றினால், 2019 திருத்தத்தின்படி 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம் குறிக்கப்பட்டுள்ளது. சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். விபத்து என்று வந்துவிட்டால், மாற்றி அமைத்த வண்டி என்று இன்ஷூரன்ஸில் பேச்சு எழவும் இடம் உண்டு. இரண்டு சிப்பத்தின் லாபம் இதற்கு ஈடாகுமா?

நாம் செய்ய வேண்டியவை

1. கம்பெனி கொடுத்த கொக்கியையும் துளையையும் மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்து நீட்டிய வண்டியில் சரக்கு ஏற்றாதீர்கள்.

2. இரண்டு சக்கர டிரெய்லரில் கனமான மூட்டைகளை அச்சின் மேலும் சற்று முன்னாலும் அடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரம் பிடிமானம் இழக்கும், டிரெய்லர் வாலாட்டும்.

3. கடை கடையாக இறக்கும்போது பாரம் ஒரு பக்கமாகச் சேரும். இரண்டு மூன்று கடை முடிந்ததும் மீதி மூட்டைகளை அச்சின் மேல் நகர்த்தி வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

4. கொக்கியின் பின் கழன்றுவிடாதபடி பூட்டு ஊசி, தனியே ஒரு பாதுகாப்புச் சங்கிலி, டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும்.

5. மொபெட்டில் சரக்கு அனுப்பும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் இதே கணக்குதான். கேரியருக்குப் பின்னால் பலகை வைத்து நீட்டினால் ஹேண்டில்பார் லேசாகிவிடும். ஒரு மூட்டையை முன்னால் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். மிச்சத்தை அடுத்த நடையில் அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் அந்த நீட்டிய இரும்பின் மேலேயே லோடுமேன் உட்கார்ந்து வருவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். கொக்கி முறிந்தால் முதலில் சக்கரத்தில் விழுவது அவர்தான். மூட்டை கிழிந்தால் வேறு சாக்கில் அள்ளிக்கொள்ளலாம். நம் கடையை நம்பி வந்த பிள்ளையை யார் திருப்பித் தருவார்கள்? சரக்கு வந்து நின்றதும் எடை போடுவதற்கு முன் வண்டியின் பின்பக்கம் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். இதை ஒவ்வொரு கடைக்காரரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.