மின்சாரக் கம்பங்களைப் பாதுகாத்தல்

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஏரிப் பாசனத்துடன் கிணற்றுப் பாசனமும் குடியானவர்களுக்குப் பெரிய ஆதாரமாகும். பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பங்கள் வயல்களின் நடுவே நிற்கின்றன. அவற்றைப் பழுதின்றி வைத்திருப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. ஆயினும் பழுதை முதலில் காணக்கூடியவர் நிலத்துக்குடையவரே.

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வீசிய வர்தா புயலில் இப்பகுதியில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. 2022-ஆம் வருஷம் ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில், தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசியதால் 11 பேர் மாண்டனர். காஞ்சி நகரத்தில் தேரோட்டத்துக்கு முன் வீதிக் கம்பிகளைக் கவனித்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வடம் பிடிக்கின்றனர். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

புரட்டாசி மாதத்தில், அடைமழைக்கு முன், கவனிக்க வேண்டியவை:

1. கம்பத்தின் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருத்தல் வேண்டும். வரப்பை வெட்டி அடிமண்ணை எடுத்தாலும், அடியில் நீர் தேங்கினாலும் பிடிமானம் தளரும்.

2. கான்கிரீட்டில் வெடிப்பு கண்டால் அலட்சியம் கூடாது. வெடிப்பில் நீர் இறங்கினால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். கான்கிரீட் பெயர்ந்து, கம்பம் வலுவிழக்கும்.

3. ஸ்டே கம்பி பூமியுடன் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் பீங்கான் குமிழ் இருத்தல் வேண்டும் என 1956-ஆம் வருஷத்திய இந்திய மின்சார விதிகள் வகுத்தன. அதில் மாடு கட்டுவதும், வேலிக் கம்பி முடிவதும், துணி உலர்த்துவதும் உயிருக்கு அபாயம்.

4. அவ்விதிகளின்படி, வீதியல்லாத இடங்களில் 11 கிலோவோல்ட் வரையிலுள்ள திறந்த கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் கீழே தொங்கலாகாது. அதற்குக் கீழாகத் தொய்ந்ததாகத் தோன்றினால், அதன் அடியில் வண்டி ஓட்டுதல் கூடாது. கோலை உயர்த்தி அளந்து பார்த்தல் எவ்விதத்திலும் தகாது.

பழுது கண்டால் தாமே கம்பத்தில் ஏறாமல், மரக்கிளையையும் வெட்டாமல், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்து மூலம் அறிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பி அறுந்து விழுந்தால் எவரையும் அருகில் விடாது, உடனே 94987 94987 என்னும் மின்னக எண்ணுக்குத் தெரிவித்தல் அவசியம். கிராம நிர்வாக அலுவலர்கள் இம்மனுக்களைக் குறிப்பேட்டில் பதிந்து, வேலை முடிந்ததா என விசாரிப்பது நலம். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த ஒரு நாள் போதும். இழந்த உயிரை மீட்க வழியில்லை.