அத்திவாரத்திற்கு முன் ஆய்வு

யட்டவத்த அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்திலேயே நாலந்தா கெடிகே உள்ளது. தென்னிந்தியக் கட்டடக்கலைச் சாயலில் அமைந்த இப்பௌத்த ஆலயம், மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்தது. 1970களில் அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பின்னர் மேட்டில் மீள எழுப்பப்பட்டது.

ஆலயம் கண்ணுக்குத் தெரிந்ததால் தப்பியது. மண்ணுள் புதைந்திருப்பவற்றைக் காப்பது எவ்வாறு? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்திற்கு 1998இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், குறித்துரைக்கப்பட்ட அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்கூட்டிய தொல்லியல் தாக்க மதிப்பீட்டை வேண்டிநிற்கிறது. ஆய்வாளர்கள் நிலத்தை நடந்து பார்த்து, தேவையான இடங்களில் சோதனைக் குழி தோண்டுவர்; கட்டுமானம் நடக்கையிலும் கண்காணிப்பர்.

பணி தொடங்கிய பின் விதிக்கப்படும் தடையால் கட்டுவோர் பணத்தை இழப்பர். தடையே இல்லாவிடில் நாடு வரலாற்றை இழக்கும். காணி பறிபோகுமோ என்ற அச்சம் சிறுபான்மை மக்களிடையே நிலவும் நாட்டில், மதிப்பீட்டு அறிக்கைகள் தமிழிலும் வெளியாக வேண்டும். எச்சமூகத்தின் சுவடாயினும் நேர்மையாகப் பதிவாக வேண்டும்.