‘ரன்’ என்னும் ஆங்கில வினைச்சொல்

தென்னிந்தியாவில் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற முதற் புகைவண்டி, 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதியன்று நம் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. அக்காலத்து நிலையக் கட்டடம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. இச்செய்தியை ஆங்கிலத்தில் எழுதப் புகும் ஒருவர், வண்டி ஓடிற்று என்பதற்கும், மதராஸ் ரெயில்வே கம்பெனியார் வண்டியை ஓட்டினர் என்பதற்கும், இருப்புப்பாதை பல ஊர்களின் வழியே செல்கின்றது என்பதற்கும் ‘ரன்’ என்னும் ஒரே வினையை எடுத்தாளலாம். தமிழிலோ மூன்றிடத்தும் மூன்று சொற்கள் வேண்டப்படுகின்றன. மூன்றெழுத்தாலாய இச்சிறு வினை இத்துணைப் பொருள்களைத் தாங்கியது எங்ஙனம் என்பதையும், அதைத் தமிழாக்குவோர் கைக்கொள்ள வேண்டிய முறை யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களையுடைய வினை ‘செட்’ என்பதே என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள் காணப்பட்டன. பின்னர் அவ்வகராதியைத் திருத்தும் பணி நிகழ்ந்தபோது ‘ரன்’ அதனை விஞ்சிற்று. வினையாக வழங்கும் ‘ரன்’ ஒன்றற்கே 645 பொருள்கள் வகுக்கப்பட்டன என 2011-ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. எந்திரங்கள் பெருகிய காலத்தில் இச்சொல்லின் ஆட்சியும் பெருகிற்று. கடிகாரமும், ஆலையும், மோட்டாரும், கணினி நிரலும் ஆங்கிலேயர் வாக்கில் ‘ஓடு’வனவாயின.

இனி, இதன் பிறப்பைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றும், எழுத்துக்கள் இடம் மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கிய வினையொன்று இருந்தது. ஓடுதல், ஒழுகுதல் என்பன அதன் பொருள்கள். அதனின் வேறாக, ஓடச்செய்தல் என்னும் பொருளில் ‘ஏர்னன்’ என்ற மற்றொரு வினையும் இருந்தது. பின்னர் இங்கிலாந்திற் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் ‘ரின்னா’, ‘ரென்னா’ என்னும் சொற்களும் வந்து கலந்தன. காலப்போக்கில் இவையனைத்தும் ஒன்றாகி ‘ரன்’ ஆயின. இவ்வினத்தைச் சேர்ந்த ‘ரின்னென்’ என்னும் ஜெர்மன் சொல் இன்றும் ஒழுகுதலையே குறிக்கின்றது. ஆகவே ஆற்றுநீர் ஓடுவதை ‘ரன்’ என்பது பிற்காலக் கவிகளின் கற்பனையன்று. சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்றேயாம்.

இவ்விடத்தில் நம் மாணவர்கள் ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். தானே இயங்குதலைக் குறிக்கும் தன்வினையும், பிறிதொன்றை இயக்குதலைக் குறிக்கும் பிறவினையும் பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வடிவம் பெற்றிருந்தன. இன்றைய ஆங்கிலம் அவ்வேற்றுமையை இச்சொல்லில் இழந்துவிட்டது. தமிழோ அதனை இழவாமற் காத்து வருகின்றது. ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு என வல்லெழுத்து இரட்டித்த அளவிலே பொருள் மாறுதலை இளஞ்சிறாரும் அறிவர்.

இவ்வேற்றுமை இலக்கண வகுப்போடு முடிவதன்று. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில், காப்புத் தகடு இல்லாமல் எந்திரத்தை இயக்கலாகாது என்று ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் சொல்லால் எழுதிய அறிவிப்பொன்றை ஒருவர் தமிழாக்குகின்றார் என்று கொள்வோம். அவர் அகராதியிற் கண்ட முதற்பொருளையே கொண்டு, ‘காப்புத் தகடு இல்லாமல் ஓடாதே’ என எழுதிவிடின் விளைவு யாதாகும்? தொழிலாளி தன் கால்களைக் காத்துக்கொள்வான், கைகளை இழப்பான். ‘ஓட்டாதே’ என்னும் சொல்லிலுள்ள ஓரெழுத்து ஒரு மனிதனுடைய விரல்களைக் காக்க வல்லது.

அன்றியும், ஆங்கிலத்தில் ‘ரன்’ வருமிடமெல்லாம் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்னும் இரண்டினுள் ஒன்றை இட்டுவிடவும் இயலாது. காசிமேட்டுக் கடலில் விசைப்படகு ஓடுகின்றது, எண்ணெய் தீர்ந்துவிடுகின்றது, படகு தரை தட்டுகின்றது, கரையில் நிற்கும் சிறுவனுக்கு மூக்கு ஒழுகுகின்றது, அவன் தந்தை கடை நடத்துகின்றார். இவ்வைந்திடத்தும் ஆங்கிலேயர் ‘ரன்’ என்னும் வினையைத் தனித்தோ பிற சொல்லோடு கூட்டியோ வழங்குவர். அவர்கள் கடையை ஓடச்செய்கின்றனர், நாம் நடக்கச்செய்கின்றோம். அமெரிக்கர் தேர்தலில் ‘ஓடுகின்றனர்’, இங்கிலாந்தினர் ‘நிற்கின்றனர்’, நாமும் நிற்கின்றோம். ஒரே மொழியைப் பேசும் இரு நாட்டார்க்குள்ளும் வழக்கு இவ்வாறு வேறுபடுமாயின், இரு மொழிகளுக்கிடையே சொல்லுக்குச் சொல் பொருந்துதல் வேண்டுமென எதிர்பார்ப்பது எவ்வாறு தகும்?

இது கொண்டு தமிழைச் சொல்வளம் குன்றிய மொழியென எண்ணுதல் கூடாது. ஓடு என்னும் நம் வினையும் நெடுந்தூரம் ஓடியதே. இரத்த ஓட்டம், கருத்தோட்டம், தேரோட்டம் என்கின்றோம். படம் 100 நாள் ஓடியது என்கின்றோம். திகைத்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இக்கடைசி வழக்கை ‘ரன்’ என்னும் வினையால் ஆங்கிலத்திற் சொன்னால் கேட்போர் நகைப்பர். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தூத்துக்குடியில் நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களைக் கப்பலோட்டிய தமிழர் எனப் போற்றுகின்றோம். அவர் சுக்கான் பிடித்துக் கப்பல் செலுத்தியவரல்லர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பற் போக்குவரத்தை நடத்தியவர். இங்கு மட்டும் நம் ‘ஓட்டு’ம் ஆங்கிலேயரது ‘ரன்’னும் முற்றும் ஒத்து நிற்கின்றன.

ஆதலின், மாணவ நண்பர்காள்! ‘ரன்’ என்பதற்குத் தமிழ் யாது என்று வினவுதல் பயனற்றது. இயங்குவது யாது? தானே இயங்குகின்றதா, பிறரால் இயக்கப்படுகின்றதா? அச்செயலை நம் வீட்டாரும் வீதியாரும் எச்சொல்லாற் கூறுவர்? இம்மூன்றையும் வினவுங்கள். முதல் இரண்டிற்கு ஆங்கில வாக்கியமே விடை தரும். மூன்றாவதற்கு நம் செவிகளே விடை தரும். அகராதி பொருள்களை வரிசைப்படுத்தி நம்முன் வைக்கும். அவற்றுள் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதே. இப்பொறுப்பை உணர்ந்து எழுதுவார் கையில் இரு மொழியும் தடம் புரளாமல் ஓடும்.