கினிப்பன்றி வாங்கப் போகிறீர்களா? துணை பார்த்து வாங்குங்கள்!

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகளின் ஆசைகளும் வளர்ந்துவிடும். கடலூரிலோ சிதம்பரத்திலோ வண்ண மீன்களும் பறவைகளும் விற்கும் கடைக்கு அவர்களை அழைத்துச் செல்கிறீர்கள். வாலில்லாத, கொழுகொழுவென்ற சிறு பிராணியொன்று கண்ணில் பட்டுவிட்டால், அதை வாங்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். கடைக்காரர் 'கினி பிக்' என்பார். தமிழில் அதைக் கினிப்பன்றி என்கிறோம்.

பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் முகம் சுளிப்போர் உண்டு. உண்மையில் இதற்கும் பன்றிக்கும் எவ்வித உறவும் இல்லை. முள்ளம்பன்றி பெயரில் மட்டும் பன்றியாக இருப்பதைப் போன்றதே இதுவும். இரண்டும் எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகளின் வகையைச் சேர்ந்தவை. கினி நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியே இதன் தாயகம். எனவே பெயரை எண்ணித் தயங்க வேண்டாம். எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்பதில்தான் நிதானம் தேவை.

தனிமை கூடாது

கினிப்பன்றி கூட்டமாக வாழப் பிறந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்ற பின், பகல் முழுவதும் கூண்டில் தனித்திருப்பது அதற்குத் துன்பம். சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டவிதி, இதைத் துணையின்றித் தனியே வளர்க்கக் கூடாது என்றே கூறுகிறது. ஆகவே வாங்குவதாயின் இரண்டாக வாங்குங்கள். ஆனால் நிறம் பார்த்து ஏதோ இரண்டைப் பொறுக்கி எடுத்துவிடாதீர்கள். நன்கு பராமரித்தால் 5 முதல் 8 ஆண்டுகள் வரை அவை ஒரே கூண்டில் சேர்ந்து வாழ வேண்டியவை.

எந்த இரண்டு?

முதன்முறையாக வளர்ப்போருக்கு ஏற்றவை இரண்டு பெண்கள். ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகளாயின் மிகவும் நல்லது. இரண்டு ஆண்களும் ஒத்து வாழும். ஆனால் இடம் தாராளமாக இருக்க வேண்டும், அருகில் பெண் இருக்கக் கூடாது. மூன்று ஆண்களைச் சேர்த்தால் பெரும்பாலும் சண்டைதான்.

ஆணும் பெண்ணுமாக வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாட்கள். ஈன்ற அன்றே தாய் மறுபடியும் சினைப்படக்கூடும். ஆண் குட்டிகள் 3 வாரங்களிலேயே பருவமடையத் தொடங்கிவிடும். ஓராண்டுக்குள் உங்கள் வீடு பண்ணையாகிவிடும்! அதைவிடக் கவலைக்குரியது தாயின் நிலை. வயது எட்டு மாதத்தைத் தாண்டிய பின் முதன்முறையாகச் சினைப்பட்டால், இடுப்பெலும்பு இறுகிவிட்டிருப்பதால் பிரசவமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

குட்டிகளில் ஆண், பெண் பிரித்தறிவது கடினம். கடைக்காரரும் தவறக்கூடும். ஆகவே வாங்கியவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கலந்திருந்தால், நீங்கள் வாங்கும் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

கடையில் அரைமணி நேரம்

அவசரப்படாமல் சற்று நேரம் நின்று கவனியுங்கள். அருகருகே நின்று தின்கின்றனவா? ஒட்டிப் படுக்கின்றனவா? அவையே உங்களுக்கான இரண்டு. ஒன்று மற்றொன்றைத் தீனியருகே வரவிடாமல் விரட்டினால், அல்லது மயிர் சிலிர்த்துப் பற்களை நறநறவென்று கடித்தால், அவ்விரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியாமல், பின்புறம் அழுக்கின்றி, சுறுசுறுப்பாக இருப்பவையாகப் பாருங்கள்.

முன்பே ஒன்று வீட்டில் இருந்தால், புதியதை இரண்டு வாரமேனும் தனியே வைத்து நோயில்லை என்று கண்ட பிறகு, இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில் சந்திக்க விடுங்கள். சிறு உறுமலும் துரத்தலும் இயல்பே. இரத்தம் கண்டால் உடனே பிரித்துவிடுங்கள். முயலைத் துணையாக்குவது தவறு. முயலின் ஓர் உதையே இதற்குப் பெருங்காயம் விளைவிக்கும், தீனியும் வேறு.

நம் ஊருக்கும் ஒத்துவர வேண்டும்

மலைநாட்டுப் பிராணிக்கு நம் கடற்கரைப் புழுக்கம் கடுமையானது. 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் போனால் மயங்கிவிடலாம். ஆகவே நீள்முடி வகையின் அழகில் மயங்காமல், குட்டைமுடி வகையையே தேர்ந்தெடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2015 இறுதியில் பெருவெள்ளமும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். கூண்டு தரையில் இல்லாமல் உயரத்தில், வெயிலும் சாரலும் படாத இடத்தில் இருக்கட்டும். இரண்டுக்கு ஏழரைச் சதுர அடியேனும் வேண்டும். ஆண்களாயின் இன்னும் கூடுதலாக.

தீனியில் புல்லே பிரதானம். மனிதரைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானே உண்டாக்காது. அன்றாடம் உணவில் கிடைக்காவிட்டால் ஸ்கர்வி நோய் வரும். மருந்தடிக்காத அருகம்புல்லுடன் கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், சிறு துண்டு கொய்யா கொடுத்து வாருங்கள்.

பிள்ளையின் ஆசை ஒரு மாதத்தில் தணிந்துவிடலாம். அதன் பிறகும் பல ஆண்டுகள் தீனியும் தண்ணீரும் வைக்கப் போவது பெரும்பாலும் உம்மாதான். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். கூண்டில் அடைத்த உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சுமக்க வீட்டார் அனைவரும் சம்மதித்த பிறகே கடைக்குப் புறப்படுங்கள்.